கிராமபோன் கம்பெனியில் ஒரு கவிஞர்

இசைத்தட்டின் நடுவே ஒட்டப்பட்ட வட்டத்தாள் மிகச் சிறியது. அதில் கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கும். பாடியவர் பெயர் அதற்கடுத்த எழுத்தில் இருக்கும். பாட்டின் தொடக்கமும் இராகமும் எஞ்சிய இடத்தில் நெருங்கிக் கிடக்கும். பாட்டை இயற்றியவர், மெட்டமைத்தவர், பாடகிக்குப் பாடம் சொல்லித் தந்தவர், மெழுகுத் தட்டைச் சூடேற்றிக் கொடுத்தவர், கொதிக்கும் அரக்கை அச்சில் அழுத்தியவர் ஆகிய எவருக்கும் அந்த வட்டத்தில் நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. கேட்பவரும் அவர்களைத் தேடியதில்லை. ஒரு பெரிய இசைத்தட்டுக் கம்பெனிக்குள் பணி செய்தோரின் வாழ்வு எத்தகையது என்பதைக் காண விழைவோர் அந்தத் தாளில் அச்சாகாத பெயர்களைப் பின்தொடர்வதே தக்கது. அவற்றுள் கவிஞர்களுக்கு நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டில் கல்கத்தாக் கிராமபோன் கம்பெனியில் பாட்டெழுதவும் பாட்டுச் சொல்லிக் கொடுக்கவும் அமர்ந்த காஜி நஸ்ருல் இஸ்லாம் என்பதே அப்பெயர்.

அவர் அங்கு வருமுன்பே கம்பெனிக்கு அந்நகரில் கால் நூற்றாண்டு வரலாறு இருந்தது. 1898இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற கிராமபோன் கம்பெனி, 1901இல் தன் பிரதிநிதியைக் கல்கத்தாவுக்கு அனுப்பிற்று. மறு ஆண்டு பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் இளைஞர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு கப்பலேறி வந்தார். வாஷிங்டனில் பிறந்தவர், இசைத்தட்டைக் கண்டறிந்த எமில் பெர்லினரிடம் தொழில் பயின்றவர். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் தெருவுக்கு அடுத்த தெருவில் என்ன பாட்டு ஒலிக்கிறது என்பதையும் அறியாதிருந்தது அவருக்கு வியப்பளித்தது. உள்ளூரார் துணைகொண்டு நாடகக் கொட்டகைகளையும் பாட்டரங்குகளையும் தாமே தேடிச் சென்றார். 1902 நவம்பர் 8ஆம் நாள் சசிமுகி, பணிபாலா என்னும் நாடக நடிகையர் இருவர் முதலில் பாடினர். சில நாட்களில் கௌஹர் ஜான் வந்தார். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அணிகலன் பூண்டு வந்த அந்த அம்மையாரின் தோற்றத்தையும் கெய்ஸ்பர்க் மறவாமல் எழுதி வைத்தார். அந்தப் பயணத்தில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் ஆயின.

அக்காலத்தில் மின்கருவி இல்லை. சுவரினின்று நீண்ட தகரக் கொம்பொன்றின் வாயில் முகத்தை நுழைத்தாற் போலப் பாடுதல் வேண்டும். மறுபுறம் மெழுகுத் தட்டு சுழலும். குரலின் அதிர்வு ஊசியை அசைத்து மெழுகில் கோடிழுக்கும். உச்சத்தில் பாடும்போது முகத்தைப் பின்னுக்கு இழுக்கவும், மெல்லிய இடத்தில் முன்னுக்குத் தள்ளவும் ஓர் ஆள் பாடகருக்குப் பக்கத்தில் நிற்பது வழக்கம். பேரவையில் இரண்டு நாழிகை ஆலாபனை செய்து பழகியவர், தோளில் அயலார் கை அழுந்த, மூன்று நிமிடத்தில் பாடி முடிக்க வேண்டும். இடையில் இருமினால் மெழுகு வீண். இவ்வளவு நெருக்கடியிலும் ஓர் இராகத்தின் உருவத்தைக் குலையாமல் மூன்று நிமிடத்துக்குள் அடக்கிக் காட்டிய கௌஹர் ஜானின் திறமையே பின்வந்த பாடகர் அனைவர்க்கும் வழிகாட்டியாயிற்று.

பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரத்துச் சொல்லும் அவரது குரலைப் பழந்தட்டுக் கேட்போர் இன்றும் கேட்டு மகிழ்வர். அது செருக்கன்று, தொழிற்சாலைக்கு விடுத்த குறிப்பு. கல்கத்தாவில் பதிந்த மெழுகுகள் செருமனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலில் போயின. அங்கிருந்த தொழிலாளர்க்கு வங்காளமும் தெரியாது, இந்துஸ்தானியும் தெரியாது. எந்தத் தட்டில் எவர் பெயரை ஒட்டுவது என்பதை அவர்கள் அந்தக் கடைசிச் சொற்களைக் கேட்டே அறிந்தனர். பாடியவர் தம் பெயரைத் தாமே காத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. எழுதியவர்க்கு அத்தகைய வழி எதுவும் இல்லை.

இதில் விந்தை ஒன்றுண்டு. தட்டு செய்யப் பயன்பட்ட அவலரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளில் கிடைத்தது. சோட்டா நாகபுரியின் பலாச மரங்களிலும் குசும மரங்களிலும் சிறு பூச்சி சுரந்த பொருளைக் குடியானவர் கிளையோடு ஒடித்துத் திரட்டினர். அது ஐரோப்பாவுக்குப் போய், அங்கே பாட்டு அழுத்தப்பெற்று, கறுப்பு வட்டமாகக் கல்கத்தாக் கடைக்குத் திரும்பிற்று. பொருளும் இந்த மண்ணினுடையது. குரலும் இந்த மண்ணினுடையது. விலை மட்டும் வேறிடத்தில் குறிக்கப்பட்டது.

1908இல் சியால்தாப் பகுதியில் கம்பெனி தன் தொழிற்சாலையைத் திறந்த பின் இந்தக் கடற்பயணம் பெரும்பாலும் நின்றது. அங்கு நடந்த வேலையைக் கவிஞர்கள் அறிந்துகொள்வதில் தவறில்லை. மெழுகில் கோடு விழுந்த பின் அதன் மேல் காரீயப் பொடி போன்ற நுண்தூள் பூசுவர். பிறகு செம்பு முலாம் ஏற்றுவர். முலாம் திரண்டு தகடானதும் மெழுகை நீக்கிவிடுவர். அந்தத் தகட்டிலிருந்து மறுதகடும், மறுதகட்டிலிருந்து அழுத்தும் அச்சும் உண்டாகும். அரக்கும் கல்தூளும் கரியும் கலந்து பிசைந்த பாளத்தைச் சூட்டுப் பலகையில் இளக்கி, அச்சு இரண்டின் நடுவே வைத்து அழுத்துவர். நீராவியால் அச்சு கொதிக்கும். உடனே குளிர்ந்த நீர் பாய்ந்து அதனை ஆற்றும். தட்டை எடுத்து ஓரம் தேய்த்து உறையிலிட்டு அடுத்ததற்குக் கை நீள வேண்டும். வங்காளத்து வைகாசி வெயிலில், நீராவிக் குழாய்களின் நடுவில், நாள் முழுதும் இதுவே வேலை. அழுத்துபவர் செவியில் பாட்டு விழுவதில்லை. விலைபோகாத தட்டுகளைப் பொடித்து மீண்டும் பாளத்தில் கலப்பது உலகெங்கும் இத்தொழிலின் வழக்கம். ஓர் ஆண்டின் காதற் பாட்டு மறு ஆண்டின் பக்திப் பாட்டுக்குள் கரியாய்க் கலந்து கிடந்திருக்கக் கூடும்.

தட்டின் வட்டத்தாளில் நாய் ஒன்று கொம்பின் முன் அமர்ந்து தன் எசமானின் குரலைக் கேட்கும் படத்தை எல்லாரும் அறிவர். பிரான்சிஸ் பரோடு என்னும் ஓவியர் முதலில் வேறொரு நிறுவனத்தின் உருளைக் கருவியோடு அதனை எழுதியிருந்தார். 1899இல் கிராமபோன் கம்பெனி கேட்டபடி கருவியை மட்டும் அழித்து எழுதித் தந்தார். ஓவியத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன்.  உலகின் மிகப் பரவிய வணிகச் சின்னங்களுள் ஒன்று நூறு பவுனுக்குக் கைமாறிற்று. பாட்டின் உரிமையும் பின்னர் இவ்வண்ணமே கைமாறியது என்பதை நோக்க, அந்த நாய் பொருத்தமான இடத்தில்தான் அமர்ந்திருக்கிறது.

தொடக்க ஆண்டுகளில் கம்பெனிக்குக் கவிஞர் தேவைப்படவில்லை. பாட வந்தவர் தம்மிடம் இருந்ததைப் பாடினர். கல்கத்தாவில் தவாயிப்புகளும் நாடகப் பெண்டிரும், தென்னாட்டில் கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்ற தேவதாசி மரபினரும் தலைமுறை தலைமுறையாக வந்த செல்வத்தைக் கொம்பினுள் பெய்தனர். 'குடும்பப் பெண்டிர்' பாடத் துணியாத காலம் அது. சித்தரஞ்சன் தாசரின் தங்கையார் அமலா தாஸ் பாடியபோது வட்டத்தாளில் 'மிஸ் தாஸ்' என்று மட்டும் போட்டு, பக்கத்தில் 'அமெச்சூர்' என்னும் சொல்லைச் சேர்த்தனர். தொழிலுக்காகப் பாடுபவர் அல்லர் என்று ஊருக்கு அறிவிக்க அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று. அச்சொல் இல்லாத பெயர்களெல்லாம் எவ்விடத்துப் பெயர்கள் என்பதையும் அது சொல்லாமற் சொல்லிற்று.

இருபதுகளின் பிற்பாதியில் நிலைமை மாறியது. கொம்பு போய் ஒலிவாங்கி வந்தது; மெல்லிய குரலும் பதிவாயிற்று. 1928இல் டம்டம்மில் புதிய தொழிற்சாலையும் ஒலிப்பதிவுக் கூடமும் எழுந்தன. மாதந்தோறும் புதுத் தட்டு, திருவிழாதோறும் புதுத் தொகுதி என்று சந்தை கேட்கத் தொடங்கிற்று. பழைய பாட்டு மட்டும் இந்தப் பெருவாய்க்கு இரையாகப் போதவில்லை. பாட்டு எழுத ஒருவர், மெட்டமைக்க ஒருவர், பயிற்றுவிக்க ஒருவர், பாட ஒருவர் என்று வேலை பங்கிடப்பட்டது. 'நவீன வங்கப் பாட்டு' என்று பிற்காலத்தார் போற்றும் இசைவகை இந்த வேலைப் பங்கீட்டிலிருந்து தோன்றியதே எனலாம்.

அவ்வாண்டிலேயே நஸ்ருல் சேர்ந்தார். அவருக்கு அப்போது அகவை இருபத்தொன்பது. சுருலியாச் சிற்றூரில் ஏழைக் குடியில் பிறந்து, சிறுவயதில் 'லேட்டோ' என்னும் ஊர்க்கூத்துக் குழுவுக்குப் பாட்டுக் கட்டியவர். ரொட்டிக் கடையில் வேலை செய்தவர். முதல் உலகப் போரில் வங்கப் படையணியில் கராச்சியில் பணியாற்றியவர். 'வித்ரோகி' என்னும் ஒரே கவிதையால் இருபத்திரண்டு அகவையில் வங்கமெங்கும் அறியப்பட்டவர். 1923இல் அரசத் துரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்று, ஹூக்ளிச் சிறையில் பல நாள் உண்ணாநோன்பு இருந்தவர். அவருடைய நூல்கள் சிலவற்றை அரசு தடை செய்திருந்தது. அத்தகையவர் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் ஏறியதைக் கண்டு முகம் சுளித்தோர் இருந்தனர். 1930இல் வெளிவந்த 'பிரளய சிகா' நூலுக்காக அவருக்கு மீண்டும் ஆறு மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. 1931இல் காந்தி - இர்வின் உடன்பாட்டின் பயனாகவே அதனின்று விடுபட்டார். ஆட்சி ஒரு கையால் அவர் நூலைப் பறிக்க, அதே ஆட்சிக்குரிய நாட்டின் வணிகம் மறுகையால் அவர் பாட்டை வாங்கிக் கொண்டிருந்தது.

சித்பூர்ச் சாலையில் இருந்த கம்பெனியின் ஒத்திகை இல்லம் அவருடைய பணியிடம். ஓர் அறையில் ஆர்மோனியம், அடுத்த அறையில் தபலா, கூடத்தில் பாடகியரும் துணைவரும், நடுவே வெற்றிலைத் தட்டும் தேநீர்க் கோப்பைகளும். கவிஞர் அமைதி தேடும் இடமன்று அது. நஸ்ருல் அமைதியை நாடியவரும் அல்லர். வாய் நிறைய வெற்றிலையும் கோப்பை கோப்பையாய்த் தேநீரும் உரத்த சிரிப்பும் இருந்தால் அவருக்குப் பாட்டு வரும் என்று உடனிருந்தோர் அனைவரும் எழுதியுள்ளனர். இன்னாருக்கு இன்ன சுருதி, இன்னாரின் நாவில் இன்ன எழுத்து தடுக்கும் என்பதறிந்து, குரலுக்கேற்பச் சொல்லைத் தேர்ந்தார். இந்துபாலா, ஆங்கூர்பாலா முதலிய பாடகியர் அவரிடம் நேரே பாடம் கேட்டனர். இந்துபாலா முன்பு கௌஹர் ஜானிடம் கற்றவர். அவர் வழியாக 1902இன் மரபு 1930களின் புதுப்பாட்டோடு கைகோத்தது. கம்பெனியின் தலைமைப் பயிற்சியாளராக விளங்கிய உஸ்தாத் ஜமீருதீன் கானிடம் நஸ்ருலும் பாடம் கேட்டார். 'வனகீதி' நூலை அவருக்கே உரிமையாக்கினார். பாட்டுத் தொழிற்கூடம் அவருக்கு இசைப்பள்ளியாகவும் அமைந்தது.

மூன்று நிமிடம் என்னும் எல்லை கவிதைக்கு என்ன செய்தது என்பது சிந்திக்கத் தக்கது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அதற்கு மேல் இடமில்லை. தொடக்கம் இருமுறை, இடையில் இரண்டு மூன்று கண்ணி, ஒவ்வொன்றின் முடிவிலும் தொடக்கத்துக்குத் திரும்புதல், சிறிது வாத்தியம் என்றால் நேரம் தீர்ந்தது. இடிபோல் முழங்கிய 'வித்ரோகி'யின் ஆசிரியர் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் நின்றாக வேண்டும். கண்ணிக்குக் கண்ணி தனித்து நிற்கும் கஜல் வடிவத்தை அவர் வங்கத்தில் நிலைபெறச் செய்ததற்கு இந்த எல்லையும் ஒரு காரணம். பாரசீகத்தில் அவருக்கிருந்த பயிற்சி அதற்குத் துணை செய்தது. நோயுற்ற மகன் புல்புலின் படுக்கையருகில் அமர்ந்தே அவர் ஹாபிசின் பாடல்களை மொழிபெயர்த்தார். 1930இல் அக்குழந்தை அம்மை நோயால் இறந்தது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில்தான் கம்பெனிக்காக மிகுதியாக எழுதினார். துயரம் எழுதுவித்ததோ, கடன் எழுதுவித்ததோ, இரண்டையும் பிரித்துக் காண்பது அரிது.

கம்பெனிக்குள் எந்தப் பாட்டு வெளிவரும் என்பதைத் தீர்மானித்தவர் கவிஞரும் அல்லர், பாடகரும் அல்லர். இதற்கு அப்பாசுதீன் அகமது தம் வாழ்க்கை நூலில் கூறும் நிகழ்ச்சி சான்று. உருதுக் கவ்வாலித் தட்டுகள் நன்கு விற்பதைக் கண்ட அவர், வங்க மொழியில் இசுலாமியப் பாடல்கள் எழுதினால் என்ன என்று நஸ்ருலிடம் கேட்டார். பகவதி பாபு இசைந்தால் எழுதலாம் என்றார் கவிஞர். பகவதி பட்டாசாரியா ஒத்திகை இல்லத்தின் பொறுப்பாளர். அவர் மறுத்துவிட்டார்; அத்தகைய தட்டு விலைபோகாது என்பது அவர் கணிப்பு. அப்பாசுதீன் பல மாதம் காத்திருந்தார். ஒருநாள் பொறுப்பாளர் நல்ல மனநிலையில் உரையாடிக் கொண்டிருந்தபோது மீண்டும் கேட்டார். ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமே என்று மன்றாடினார். இசைவு கிடைத்தது. உடனே அடுத்த அறைக்கு ஓடினார். நஸ்ருல் அங்கே இந்துபாலாவுக்குப் பாடம் சொல்லிக் கொண்டிருந்தார். பாடத்தை நிறுத்தி அவரை அனுப்பிவிட்டு, வெற்றிலையும் தேநீரும் வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரத்தில் பாட்டை எழுதி முடித்தார். நோன்பு முடிந்து பெருநாள் வருவதைப் பாடும் பாட்டு அது. மனப்பாடம் செய்யவும் நேரமில்லை. நான்கு நாளில் பதிவு. ஒலிவாங்கியின் அருகில் கவிஞரே தாளைப் பிடித்து நிற்க, அப்பாசுதீன் அதைப் பார்த்துப் பாடினார்.

1931ஆம் ஆண்டின் இறுதியில் பதிவான அத்தட்டு 1932ஆம் ஆண்டுப் பெருநாளையொட்டி வெளிவந்தது. விடுமுறை முடிந்து கல்கத்தா திரும்பிய அப்பாசுதீன், டிராம் வண்டியில் பக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவர் அப்பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டார். அதுவரை கிராமபோன் பெட்டியை இசுலாமிய இல்லங்கள் பலவும் ஐயத்தோடு விலக்கியிருந்தன; பிறகு கதவுகள் திறந்தன. பங்களாதேசத்தில் இன்றும் ஈகைத் திருநாளின் முன்னிரவு அந்தப் பாட்டோடுதான் பிறக்கிறது. விலைபோகாதென்ற பகவதி பாபு மேலும் மேலும் கேட்கலானார். ஒரு பொறுப்பாளரின் 'வேண்டாம்' என்ற சொல் பல மாதம் அடைத்து வைத்திருந்த கதவின் பின்னால் இவ்வளவு பெரிய கூட்டம் காத்திருந்தது.

இதன் தொடர்ச்சியாக நடந்த செய்தி வேடிக்கையும் வேதனையும் கலந்தது. இசுலாமியப் பாட்டுக்குத் தேவை பெருகியது; பயின்ற இசுலாமியப் பாடகர் சிலரே. கம்பெனியில் இருந்த இந்துப் பாடகர்கள் இசுலாமியப் பெயர் பூண்டனர். தீரேன் தாஸ் 'கனி மியா' ஆனார். கிரீன் சக்கரவர்த்தி 'சோனா மியா' ஆனார். இதற்கு முன்பே காசிம் என்னும் இசுலாமியப் பாடகர் 'கே. மல்லிக்' என்று சமயம் தெரியாத பெயரில் காளியின் பாடல்களைப் பாடி வீடுதோறும் புகழ் பெற்றிருந்தார். நஸ்ருலோ இருபுறத்துக்கும் தம் பெயரிலேயே எழுதினார். காலையில் நபிகள் மேல் ஒன்று, மாலையில் சியாமா மேல் ஒன்று. இரு சாராரிலும் அவரை வைதவர் உண்டு. வட்டத்தாளில் பெயர் மாறிற்று. அறைக்குள் எல்லாரும் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்தனர். அந்த நகரம் 1946இல் கண்ட குருதியை எண்ணுவோர்க்கு இந்த அறை நினைவில் நிற்க வேண்டிய ஒன்று.

பணம் வந்தது. மகிழுந்து வாங்கினார். ஏனைய கம்பெனிகளும் அவரை நாடின. 1934இல் 'கலகீதி' என்னும் பெயரில் இசைத்தட்டுக் கடை ஒன்றையும் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. கணக்குப் பார்க்கும் கை அவருக்கு இல்லை. எழுதிய தாளை அறையிலேயே விட்டுச் செல்வார், கேட்டவர்க்கு ஈந்துவிடுவார். மெட்டமைக்கும் வேலையையும் ஒரு கட்டத்தில் பிறரிடம் விட்டார். அவர்களுள் தலையாயவர் கமல் தாஸ்குப்தா. நஸ்ருலின் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இசையமைத்தவர் அவர். நல்ல பாட்டு எவர் கையில் வளர்ந்தாலும் வளரட்டும் என்னும் பெருந்தன்மை அதில் இருந்தது. பின்னாளைய குழப்பத்தின் வித்தும் அதிலேயே இருந்தது. தாகூரின் பாடல் தட்டாக வேண்டுமானால் விசுவபாரதியின் ஒப்புதல் தேவை என்ற கட்டுப்பாடு, 2001ஆம் ஆண்டின் இறுதியில் உரிமைக்காலம் முடியும்வரை நீடித்தது. நஸ்ருலின் சொல்லுக்கு அத்தகைய காவலர் எவரும் இலர்.

கவிஞரைக் கிராமபோன் விழுங்கிவிட்டது என்று அக்காலத்து இலக்கியவாணர் சிலர் வருந்தினர். அந்த வருத்தத்தை முற்றும் புறந்தள்ள இயலாது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுள் திருவிழாச் சந்தைக்காக அவசரத்தில் வார்த்தவை பல. ஆயினும் எழுத்தறியாத உழவனும் படகோட்டியும் ஒரு பெருங்கவிஞனின் சொல்லை அவன் வாழும் காலத்திலேயே செவியாரக் கேட்டது அச்சகத்தால் நிகழவில்லை. அரக்குத் தட்டால் நிகழ்ந்தது. வருந்தியவர்களின் கவிதை நூல்கள் ஆயிரம் படி விற்பதற்குப் பட்ட பாட்டையும் உடன் எண்ண வேண்டும்.

1939 வாக்கில் அவர் துணைவியார் பிரமீளா இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மருத்துவத்துக்குப் பணம் வேண்டி, நஸ்ருல் தம் நூல்களின் உரிமையையும் இசைத்தட்டுகளால் வரும் உரிமைத் தொகையையும் அடகு வைத்தார். பதினோராண்டு உழைப்பு ஒரு பத்திரத்தில் அடங்கிற்று. 1942 சூலையில் அவரே நோயுற்றார். நாக்கு குழறியது, சில வாரங்களில் பேச்சும் நினைவும் அகன்றன. 1953இல் இலண்டனுக்கும் வியன்னாவுக்கும் கொண்டு சென்று காட்டியும் பயனில்லை. 1972இல் பங்களாதேச அரசு அவரை டாக்காவுக்கு அழைத்துச் சென்றது. 1976 ஆகஸ்டு 29இல் மறைந்தார். முப்பத்துநான்கு ஆண்டு அவர் வாய் திறக்கவில்லை. அவர் பாடல்கள் ஒருநாளும் வாய் மூடவில்லை. கமல் தாஸ்குப்தாவின் முடிவும் வறுமையே. 1974இல் டாக்காவில் அவர் இறந்தபோது, அவர் மெட்டுகள் இரு நாட்டு வானொலியிலும் ஒலித்துக் கொண்டிருந்தன.

ஒலிப்பதிவு உரிமை என்னும் புதுப்பொருள் கவிஞனின் உடைமையினின்று பிரிந்து நடமாடியது கல்கத்தாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. பாரதியார் 1921இல் மறைந்தபோது தம் பாட்டு இசைத்தட்டில் விலைபோகும் என்று எண்ணியிருக்க மாட்டார். 1930களில் அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை மட்டும் தனியே ஒரு வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1940களில் அது, சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் இசைத்தட்டு வணிகத்தில் வளர்ந்து படத்துறையில் புகுந்த ஏவி. மெய்யப்பன் கைக்கு வந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றதும் உரிமைப் பூசல் எழுந்தது. பாரதி எவர் சொத்து என்ற கேள்வி நாடெங்கும் கிளம்பியது. 1949இல் சென்னை அரசு உரிமைகளை ஏற்றது. மெய்யப்பன் தம் பங்கை விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1955இல் அவை மக்களுக்கு உரியவாயின. தமிழ்க் கவிஞனுக்கு அவன் மறைந்த பின்னராயினும் கிடைத்த இந்த விடுதலை, வங்கக் கவிஞனுக்கு அவன் உயிரோடு ஊமையாய் இருந்தபோது கிடைக்கவில்லை.

சட்டம் மெல்ல நடந்தது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இருந்தும், படத்துக்காகப் பணம் பெற்று எழுதிய பாட்டில் ஆசிரியர்க்குப் பின்னுரிமை இல்லை என்னும் வகையில் 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தமே, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத் தொகைப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதென்று விதித்தது. அந்த விதி 1939இல் இருந்திருப்பின் கல்கத்தாவில் ஒரு பத்திரம் எழுதப்பட்டிராது. கம்பெனியோ பல கை மாறி, 2000இல் 'சரிகம' என்னும் பெயர் பூண்டது.

டாக்காவில் 1985இல் நிறுவப்பெற்ற நஸ்ருல் நிறுவனத்தார் பாடல்களின் மூல வடிவத்தைத் தேடியபோது, கவிஞரின் கையெழுத்துத் தாள்கள் பலவற்றுக்குக் கிடைக்கவில்லை. பழைய தட்டுகளையும், பாட்டு முழுவதையும் அச்சிட்டுக் கம்பெனி மாதந்தோறும் வெளியிட்ட விலைப்பட்டியல் ஏடுகளையும் நாடினர். தட்டைச் சுழலவிட்டு, கேட்டுக் கேட்டு, சுரக்குறிப்பு எழுதினர். ஏட்டில் ஒரு சொல் இருக்கும். பாடகியின் வாயில் வேறொரு சொல் ஒலிக்கும். மாற்றியவர் பாடகியா, கவிஞரே ஒத்திகை அறையில் கடைசி நொடியில் மாற்றிச் சொன்னாரா என்று முடிவு செய்யச் சான்று இராது. கீறலில் ஊசி தாவுமிடத்தில் சொல் முழுதும் மறைந்து போகும். அப்போது அதே எண்ணுள்ள மற்றொரு தட்டு எவர் வீட்டிலேனும் உடையாமல் இருக்கிறதா என்று தேடிப் புறப்பட வேண்டும்.